எத்தனை வாரம் என்ற கேள்வி

என் மகள் பிறந்த இரவில், பச்சிளங்குழந்தைப் பிரிவின் மருத்துவர் என்னிடம் முதலில் கேட்டது, "எத்தனை வாரம்?" என்பதுதான். என்னிடம் இரண்டு விடைகள் இருந்தன. மனைவி சொன்ன கடைசி மாதவிலக்குத் தேதியைக் கொண்டு கணக்கிட்டால் 34 வாரம் 2 நாள். ஐந்தாம் மாதத்தில் எடுத்த ஸ்கேன் அறிக்கையைக் கொண்டு கணக்கிட்டால் 31 வாரம் 3 நாள். ஏழு மாதக் குழந்தை தங்கும், எட்டு மாதக் குழந்தை தங்காது என்று எங்கள் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் நம்பிக்கையின் பிடியில் இருந்த என் தாயார், வெளியே நாற்காலியில் அமர்ந்து, வாரம் குறைவாகவே இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தார். உள்ளே இருந்த மருத்துவரோ வாரம் கூடுதலாக இருக்க வேண்டும் என்று விரும்பினார், ஏனெனில் கருப்பையில் கழியும் ஒவ்வொரு வாரமும் நுரையீரலுக்கும் மூளைக்கும் குடலுக்கும் பலம் சேர்க்கிறது. இருவரும் ஒரே குழந்தைக்காகத்தான் எதிரெதிரான விடைகளை விரும்பினார்கள்.

அது 2013. பிறந்தபோது மகளின் எடை 1,480 கிராம். இன்று அவள் நடுநிலைப் பள்ளியில் படிக்கிறாள். சைக்கிளில் என்னை முந்திக்கொண்டு போகிறாள். இப்போது இதை எழுதக் காரணம், எங்கள் பள்ளியின் முன்னாள் மாணவர் அறக்கட்டளையில் சில வாரங்களாக நடந்துவரும் ஒரு விவாதம். குறைமாதக் குழந்தைகளுக்கு உதவ வேண்டும் என்று திரட்டிய ஒன்பது லட்சம் ரூபாயை எதற்குச் செலவிடுவது என்று பேசினோம். நான் பொருளாளர். கூட்டத்தில் ஐந்து நிமிடத்தில் என்னால் சொல்ல முடியாமல் போனதை இங்கே விரிவாகச் சொல்ல நினைக்கிறேன்.

அந்த இரவுக்கே திரும்புகிறேன். குறைமாதத்தில் பிரசவம் ஆகிவிடும் என்று தெரிந்தால், தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். வார்டில் அதை "குழந்தைக்கு நுரையீரல் வளர்கிற ஊசி" என்பார்கள். பொதுவாக 34 வாரத்துக்கு உட்பட்ட பிரசவங்களுக்கே அது பரிந்துரைக்கப்படுகிறது. மாலையில் என் மனைவியைச் சேர்த்தபோது பணியில் இருந்தவர், மாதவிலக்குத் தேதியைப் பார்த்து, 34 வாரம் கடந்துவிட்டது, ஊசி தேவையில்லை என்று எழுதினார். சில மணி நேரத்துக்குப் பின் வந்த மூத்த மருத்துவர் ஸ்கேன் அறிக்கையைப் புரட்டிப் பார்த்துவிட்டு உடனே ஊசியைப் போடச் சொன்னார். பன்னிரண்டு மணி நேர இடைவெளியில் நான்கு முறை போட வேண்டிய மருந்தில், ஒரு முறை போட்டதோடு குழந்தை பிறந்துவிட்டது. முதலில் முடிவெடுத்தவர் மீது எனக்குப் பல ஆண்டுகள் கோபம் இருந்தது. பிறகுதான், அவர் கையில் இருந்த இரண்டு தேதிகளில் எதுவுமே முழுமையாக நம்பத் தகுந்ததல்ல என்பது எனக்குப் புரிந்தது. முதல் மூன்று மாதங்களுக்குள் எடுக்க வேண்டிய ஸ்கேனை நாங்கள் எடுத்திருக்கவில்லை. ஐந்தாம் மாத ஸ்கேன், குழந்தையின் அளவை வைத்து வயதை ஊகித்தது. அந்த ஊகத்துக்கான சூத்திரமும் அமெரிக்கப் பெண்களை அளந்து செய்யப்பட்டது.

இந்த ஊசியின் வரலாறே, ஓரிடத்தில் உண்மையாக இருந்தது இன்னோரிடத்திலும் உண்மைதானா என்று ஏன் அங்கேயே சோதிக்க வேண்டும் என்பதற்குச் சரியான சான்று. நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் மகப்பேறு மருத்துவர் கிரஹாம் லிகின்ஸ், செம்மறியாடுகளில் பிரசவம் எப்படித் தொடங்குகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தபோது, ஸ்டீராய்டு பெற்ற குறைமாத ஆட்டுக்குட்டிகள் எதிர்பாராத வகையில் மூச்சு விடுவதைக் கவனித்தார். ராஸ் ஹோவியுடன் சேர்ந்து அவர் தாய்மார்களிடம் நடத்திய ஆய்வு 1972இல் வெளியானது. பணக்கார நாடுகளில் அதன்பின் எண்ணற்ற குழந்தைகளை அந்த ஊசி காப்பாற்றியது. ஆகவே ஏழை நாடுகளின் சிற்றூர்களிலும் அதைக் கொண்டுசேர்த்தால் போதும், சாவுகள் குறைந்துவிடும் என்று உலகமே நம்பியது. நம்பியதோடு நிற்காமல் சிலர் அதைச் சோதித்தும் பார்த்தார்கள். இந்தியா, பாகிஸ்தான், கென்யா, சாம்பியா, அர்ஜென்டினா, குவாத்தமாலா ஆகிய ஆறு நாடுகளில் ஏறத்தாழ ஒரு லட்சம் பிறப்புகளை உள்ளடக்கி நடந்த 'ஆக்ட்' ஆய்வின் முடிவு 2015இல் வந்தது. இந்தியாவில் பெல்காமும் நாக்பூரும் அதன் களங்கள். மிகச் சிறிய குழந்தைகளின் இறப்பு குறையவில்லை. அதைவிட வருத்தமான செய்தி, மொத்தக் குழந்தைகளையும் சேர்த்துப் பார்த்தபோது, இந்தத் திட்டத்துக்கு உட்பட்ட ஒவ்வொரு ஆயிரம் பெண்களுக்கும் 3.5 பச்சிளங்குழந்தைகள் கூடுதலாக இறந்திருந்தன. தாய்மார்களுக்குத் தொற்றும் கூடுதலாகக் காணப்பட்டது. ஊசி பெற்றவர்களில் பெரும்பாலோருக்குப் பிறந்தவை அத்தனை சிறிய குழந்தைகளே அல்ல. அதாவது, எத்தனை வாரம் என்பது சரியாகத் தெரியாமல், தேவையில்லாதவர்களுக்கு மருந்து போயிருந்தது.

அத்தோடு விட்டிருந்தால், இந்த ஊசி நம் நாட்டுக்கு ஆகாது என்ற தவறான முடிவுக்கே வந்திருப்போம். உலகச் சுகாதார நிறுவனம் இந்தியா, வங்கதேசம், பாகிஸ்தான், கென்யா, நைஜீரியா ஆகிய நாடுகளின் 29 மருத்துவமனைகளில் மீண்டும் ஓர் ஆய்வை நடத்தியது. இம்முறை ஸ்கேன் மூலம் வாரத்தை உறுதிசெய்துகொண்டு, 26 வாரம் முதல் 34 வாரத்துக்கு உட்பட்ட 2,852 தாய்மார்களைச் சேர்த்தார்கள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள வசதி உள்ள மருத்துவமனைகளை மட்டும் தேர்ந்தெடுத்தார்கள். 2020இல் வெளியான முடிவின்படி, ஊசி பெற்ற பிரிவில் 19.6 சதவீதக் குழந்தைகளும் பெறாத பிரிவில் 23.5 சதவீதக் குழந்தைகளும் இறந்தன. ஏறக்குறைய இருபத்தைந்து தாய்மார்களுக்கு மருந்து கொடுத்தால் ஒரு குழந்தை பிழைக்கிறது. பலன் அவ்வளவு தெளிவாகத் தெரிந்ததால், ஆய்வையே முன்கூட்டி நிறுத்திவிட்டார்கள். மருந்தோ மலிவானது, பழையது. அதை எங்கே, யாருக்கு, எந்த நிபந்தனையில் கொடுத்தால் உயிர் தரும், எங்கே கொடுத்தால் கெடுக்கும் என்பதை, நம்முடையவை போன்ற வார்டுகளில், நம்முடைய தாய்மார்களின் சம்மதத்தோடு கேட்டுத்தான் தெரிந்துகொள்ள முடிந்தது.

இன்னொரு சான்று சென்னையோடு தொடர்புடையது. இது குறைமாதக் குழந்தைகளைப் பற்றியதன்று; மாதம் நிறைந்து பிறந்தும், பிரசவத்தின்போது மூச்சுத் திணறி மூளை பாதிக்கப்பட்ட குழந்தைகளைப் பற்றியது. மேலை நாடுகளில் அத்தகைய குழந்தையின் உடல் வெப்பத்தை 33.5 டிகிரி செல்சியஸுக்கு இறக்கி, 72 மணி நேரம் அப்படியே வைத்திருப்பார்கள். அதனால் பலர் பிழைத்தார்கள், ஊனமும் குறைந்தது. நம் நாட்டிலும் பல பெரிய மருத்துவமனைகள் அதைப் பின்பற்றத் தொடங்கியிருந்தன. இந்தியா, இலங்கை, வங்கதேசம் ஆகிய மூன்று நாடுகளின் ஏழு மருத்துவமனைகளில், சென்னை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த குழந்தைகள் பிரிவும் பங்கேற்று, 'ஹீலிக்ஸ்' என்ற ஆய்வு நடந்தது. 408 குழந்தைகள். 2021இல் வெளியான முடிவைப் படித்தபோது எனக்கு உடல் நடுங்கியது. குளிர்விக்கப்பட்டவர்களில் 42 சதவீதம் இறந்தார்கள். வழக்கமான பராமரிப்பில் இருந்தவர்களில் 31 சதவீதம். நல்லது என்று நம்பி, கருவிகளைத் தருவித்து, அன்போடு செய்த ஒரு சிகிச்சை, இங்கே சாவைக் கூட்டியது. நம் பகுதியில் மூளைப் பாதிப்பு பிரசவ நேரத்தில் திடீரென்று ஏற்படாமல், நீண்ட பிரசவ வலியின்போதே படிப்படியாகவோ அதற்கு முன்னரோ தொடங்கிவிடுவது காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அந்தக் குழந்தைகளின் பெற்றோர் சம்மதித்துக் கையெழுத்திட்டிராவிட்டால், இன்னும் பல ஆண்டுகளுக்கு நாம் அதையே செய்துகொண்டிருப்போம். அவர்களை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

எங்கள் கூட்டத்தில் ஒருவர், "ஆராய்ச்சி என்றால் நம் ஏழைப் பிள்ளைகளைச் சோதனை எலி ஆக்குவதா?" என்று கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். அதைக் கேட்டவரை நான் மதிக்கிறேன். நெறிமுறைக் குழுவின் அனுமதி, பெற்றோரின் எழுத்துச் சம்மதம், 2007இல் தொடங்கிய இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவகத்தில் முன்பதிவு, தீங்கு தென்பட்டால் நடுவில் நிறுத்தும் கண்காணிப்புக் குழு ஆகிய இவையெல்லாம் இல்லாத ஆய்வுக்கு ஒரு ரூபாயும் கொடுக்கக் கூடாது என்பதே என் நிலைப்பாடும். ஆனால் சோதித்துப் பார்க்காத சிகிச்சையை ஆண்டுக்கணக்கில் கொடுத்துவருவதும் ஒரு சோதனைதான். அதில் யாரும் சம்மதம் கேட்பதில்லை, முடிவை யாரும் எழுதிவைப்பதும் இல்லை.

அளவைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2020ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் 1.34 கோடிக் குழந்தைகள் 37 வாரம் நிறைவதற்கு முன்பே பிறந்தன என்று மதிப்பிடப்பட்டுள்ளது. அவர்களில் ஏறத்தாழ 30 லட்சம் பேர் இந்தியாவில் பிறந்தவர்கள். வேறெந்த நாட்டிலும் இத்தனை பேர் இல்லை. தமிழ்நாட்டில் நிலைமை பெருமளவு மேம்பட்டிருக்கிறது. 2020ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி, ஆயிரம் பிறப்புகளுக்கு முதல் 28 நாட்களில் இறக்கும் குழந்தைகள் நாடு முழுவதுக்குமாக 20 என்றால், தமிழ்நாட்டில் 9. கிராமச் சுகாதாரச் செவிலியர்களும், மாவட்ட மருத்துவமனைகளின் சிறப்புப் பச்சிளங்குழந்தைப் பிரிவுகளும் பல ஆண்டுகளாகப் பாடுபட்டுப் பெற்ற எண் இது. ஆனால் எஞ்சியிருக்கும் அந்த ஒன்பதைக் குறைப்பதற்கு, இதுவரை இறப்பைக் குறைத்த அதே வழிகள் போதுமா என்பதே இப்போதைய கேள்வி. எளிதில் தடுக்கக்கூடியவற்றைத் தடுத்த பிறகு மீதமிருப்பவர்களில் குறைமாதக் குழந்தைகளின் பங்கு கூடுகிறது. பல பெண்களுக்கு ஏன் முன்கூட்டியே வலி எடுக்கிறது என்பதற்கு இன்றும் தெளிவான விடை கிடையாது.

வாரத்தைக் கணக்கிடும் சிக்கலுக்கு நம் நாட்டிலேயே விடை தேடியவர்கள் இருக்கிறார்கள். மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையின் நிதியில், பரிதாபாத்தில் உள்ள டி.எச்.எஸ்.டி.ஐ. என்ற மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம், 2015இலிருந்து குருகிராம் அரசு பொது மருத்துவமனையில் 'கர்ப்பிணி' என்ற பெயரில் ஒரு தொடர் ஆய்வை நடத்திவருகிறது. கருவுற்ற தொடக்கத்திலேயே பெண்களைச் சேர்த்து, பல முறை ஸ்கேன் எடுத்து, பிரசவம் வரையிலும் அதற்குப் பின்னும் தொடர்ந்து பார்ப்பார்கள். 8,000க்கும் மேற்பட்ட பெண்கள் இதில் சேர்ந்திருக்கிறார்கள். அந்தத் தரவுகளைக் கொண்டு சென்னை ஐ.ஐ.டி.யில் ஹிமான்ஷு சின்ஹாவின் குழு, இந்தியப் பெண்களுக்கே உரிய கணக்கீட்டு முறைகளை உருவாக்கியது. முதல் மூன்று மாதங்களுக்கானது முதலில் வந்தது. அந்த ஆய்வில் ஒரு விஷயம் வெளிப்பட்டது: ஒரே பெண்களின் தரவை வெவ்வேறு சூத்திரங்களில் போட்டுப் பார்த்தால், குறைப்பிரசவ விகிதமே ஏறத்தாழ 11 சதவீதத்திலிருந்து 16.5 சதவீதம் வரை மாறுகிறது. எந்த அளவுகோலை வைத்து அளக்கிறோம் என்பதைப் பொறுத்து நோயின் அளவே மாறிவிடுகிறது என்றால், அளவுகோலைச் சரிசெய்யாமல் வேறு எதைச் செய்து என்ன பயன்?

அடுத்து, 2024இல், முதல் மூன்று மாதங்களுக்குப் பின் வரும் பெண்களுக்கான 'கர்ப்பிணி-ஜிஏ2' வந்தது. எங்களைப் போல ஐந்தாம் மாதத்தில் முதல் ஸ்கேன் எடுப்பவர்களுக்கு இதுதான் முக்கியம். உலகெங்கும் பயன்படும் ஹாட்லாக் சூத்திரம் 1984இல் அமெரிக்காவின் டெக்சாஸில் உருவானது. அதோடு ஒப்பிட்டால் பிழை ஏறக்குறைய மூன்று மடங்கு குறைகிறது என்று சென்னை ஐ.ஐ.டி. அறிவித்தது. குருகிராம் மட்டுமின்றி, வேலூர் சி.எம்.சி., புதுச்சேரி பிம்ஸ், டெல்லி சஃப்தர்ஜங் ஆகிய மருத்துவமனைகளும் இதில் இணைந்தன. வடக்கில் உருவான கணக்கு தெற்கில் செல்லுமா என்று சரிபார்க்க இது தேவைப்பட்டது. அந்தச் செய்தியைப் படித்த அன்று, மகளின் பழைய கோப்பை எடுத்து இரண்டு தேதிகளையும் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்படிப்பட்ட ஒன்றை உருவாக்க எவ்வளவு காலம் ஆயிற்று என்பதைக் கவனியுங்கள். 2015இல் முதல் பெண் சேர்ந்தார். 2024இல் பயன் தெரியத் தொடங்கியது. இடையில் செவிலியர்கள் ஆயிரக்கணக்கான வீடுகளைத் தேடிப் போயிருப்பார்கள், தொலைபேசி எண் மாறியவர்களை விசாரித்திருப்பார்கள், ரத்த மாதிரிகளை உறைகுளிரில் பாதுகாத்திருப்பார்கள். மூன்றாம் ஆண்டில் நிதி நின்றிருந்தால் அதுவரை செய்த அனைத்தும் பாதிக் கிணறாகப் போயிருக்கும். நல்ல ஆய்வுகள் பல அப்படித்தான் முடிகின்றன. ஒப்பந்தத்தில் இருந்த ஆய்வுச் செவிலியரின் காலம் முடிகிறது, பதிவேடு மூடப்படுகிறது; அடுத்த மருத்துவர் அதே கேள்வியை மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறார்.

பணம் யாருடையது என்பதும் முக்கியம். இரண்டாம் முறை நடந்த ஸ்டீராய்டு ஆய்வுக்குக் கேட்ஸ் அறக்கட்டளை பணம் கொடுத்தது. ஹீலிக்ஸ் ஆய்வுக்குப் பெரும்பகுதி பிரிட்டனிலிருந்து வந்தது. பிறந்த உடனேயே, குழந்தையின் நிலை சீராகும் வரை காத்திராமல், தாயின் நெஞ்சோடு அணைத்து வைக்கும் கங்காரு பராமரிப்பைப் பற்றிய ஆய்வும் கேட்ஸ் நிதியில்தான் நடந்தது. சஃப்தர்ஜங் உட்பட ஐந்து நாடுகளின் ஐந்து மருத்துவமனைகளில் 3,211 குழந்தைகளோடு நடந்த அந்த ஆய்வில், இறப்பு 15.7 சதவீதத்திலிருந்து 12 சதவீதமாகக் குறைந்தது. 2022இல் உலகச் சுகாதார நிறுவனம் தன் வழிகாட்டுதலையே அதற்கேற்ப மாற்றியது. கொடுத்தவர்களுக்கு நான் மனமார நன்றி சொல்கிறேன். என் மகளை இருபது நாள் கழித்துத்தான் மனைவியின் நெஞ்சில் வைத்தார்கள். இன்று பிறக்கும் குழந்தைக்கு அந்தக் காத்திருப்பு வேண்டாம் என்பது இப்படித்தான் தெரியவந்தது. ஆனால் வெளியிலிருந்து வரும் பணம் எப்போது வேண்டுமானாலும் நின்றுவிடலாம். 2025இன் தொடக்கத்தில் அமெரிக்க அரசு தன் வெளிநாட்டு உதவியைத் திடீரென்று நிறுத்தியபோது, பல நாடுகளில் நடந்துகொண்டிருந்த சுகாதார ஆய்வுகள் நடுவழியில் நின்றன. தவிர, ஐந்து நாடுகளுக்கும் பொதுவான கேள்விக்குத்தான் அந்தப் பணம் வரும். நம் மாவட்டத்துக்கு மட்டுமே உரிய கேள்விக்கு யார் பணம் தருவார்கள்?

அப்படி ஒரு கேள்வியைச் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தைச் சேர்ந்த வித்யா வேணுகோபாலும் அவருடைய குழுவினரும் கேட்டார்கள். வயலிலும் செங்கற்சூளையிலும் உப்பளத்திலும் கொளுத்தும் வெயிலில் வேலை செய்யும் கர்ப்பிணிகளுக்கு என்ன ஆகிறது? 2017இலிருந்து தமிழ்நாட்டில் 800 பெண்களைத் தொடர்ந்து பார்த்ததில், கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவு, இறந்து பிறத்தல் போன்ற அபாயம் இரு மடங்காக இருந்தது. சித்திரை வெயிலில் சூளை வேலை பார்க்கும் பெண்ணைப் பற்றி டெக்சாஸிலோ லண்டனிலோ இருப்பவருக்குக் கேட்கத் தோன்றாது. தோன்றவில்லை என்பதற்காக அவர்களைக் குறை கூறவும் முடியாது.

இனி எங்கள் ஒன்பது லட்சத்துக்கு வருகிறேன். உறுப்பினர்களில் பெரும்பாலோர் குழந்தையை வெதுவெதுப்பாக வைத்திருக்கும் கருவிகளான வார்மர்கள் இரண்டு வாங்கி, அரசு மருத்துவமனைக்குக் கொடுக்கலாம் என்றார்கள். பக்கவாட்டில் அறக்கட்டளையின் பெயர் இருக்கும். திறப்பு விழாவும் நடத்தலாம். கோயில் விளக்கில் உபயதாரர் பெயரை எழுதும் ஊரில் வளர்ந்தவர்கள் நாங்கள். கொடுத்தது கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று விரும்புவதில் தவறில்லை. ஆனால் அந்தப் பிரிவின் பொறுப்பு மருத்துவரைச் சந்தித்தபோது, வார்மர்கள் போதிய அளவு இருக்கின்றன என்றார். அவருக்கு வேண்டியிருந்தது வேறு. "ஒன்றரைக் கிலோவுக்குக் குறைவாகப் பிறந்து, இங்கிருந்து பிழைத்து வீட்டுக்குப் போகிற குழந்தைகள் அதன்பின் எப்படி இருக்கிறார்கள் என்று எனக்கு முழுமையாகத் தெரியாது, சார். வருகிறவர்களைப் பார்க்கிறேன். வராதவர்கள்தான் அதிகம். ஏன் வரவில்லை, வீட்டில் என்ன ஆனது, அதைச் சொல்ல ஆளில்லை," என்றார்.

அவர் கேட்டது மூன்று ஆண்டுகளுக்கு ஒரு செவிலியரின் சம்பளம், ஒரு தொலைபேசி, தாய்மார்களுக்குப் பேருந்துக் கட்டணம், தரவைச் சேமிக்க ஒரு கணினி. இரண்டு வயது வரை ஒவ்வொரு குழந்தைக்கும் கண், காது, வளர்ச்சி ஆகியவற்றைப் பார்த்து, முறையாகப் பதிவு செய்வது திட்டம். கண் பரிசோதனை ஏன் என்று ஒரு நண்பர் கேட்டார். குறைமாதக் குழந்தையின் விழித்திரையில் ரத்தநாளங்கள் தாறுமாறாக வளர்ந்து பார்வையைப் பறித்துவிடக்கூடும். உரிய நேரத்தில் கண்டுபிடித்தால் லேசர் சிகிச்சையால் பெரும்பாலும் தடுக்கலாம். அமெரிக்க விதிப்படி 1,500 கிராமுக்கு மேற்படாத குழந்தைகளையும் 30 வாரத்துக்கு மேற்படாத குழந்தைகளையும் பரிசோதித்தால் பொதுவாகப் போதும். இந்தியக் கண் மருத்துவர்கள் இங்கேயே ஆராய்ந்து பார்த்தபோது, அதைவிடப் பெரிய குழந்தைகளுக்கும் இந்தப் பாதிப்பு வருவது தெரிந்தது. அதனால்தான் நம் நாட்டு வழிகாட்டுதல் 2,000 கிராமுக்குக் குறைந்தவர்களையும் 34 வாரத்துக்கு உட்பட்டவர்களையும், பிறந்த 30 நாளுக்குள் பரிசோதிக்கச் சொல்கிறது. என் மகளுக்கு அடுத்த தொட்டிலில் இருந்த குழந்தையின் எடை 1,800 கிராம். வெளிநாட்டு விதியை அப்படியே பின்பற்றியிருந்தால், அந்தக் குழந்தையின் கண்ணை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

செலவைப் பற்றிச் சட்டத்திலும் வழி இருக்கிறது. லாபம் ஈட்டும் பெரிய நிறுவனங்கள் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்று 2013ஆம் ஆண்டின் நிறுவனச் சட்டம் சொல்கிறது. அந்தப் பணத்தை அரசு நிதியில் இயங்கும் பல்கலைக்கழகங்களின், தேசிய ஆய்வகங்களின் அறிவியல், மருத்துவ ஆராய்ச்சிக்குக் கொடுக்கவும் இடமிருக்கிறது. 2023இல் சட்டமான அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி நிதியமும் ஐந்தாண்டுகளில் 50,000 கோடி ரூபாயைத் திட்டமிட்டது. அதில் பெரும்பகுதி தனியாரிடமிருந்து வர வேண்டும் என்றே எதிர்பார்க்கப்பட்டது. எங்கள் மாவட்டத்தில் நான் பார்த்தவரை, நிறுவனங்கள் கருவியும் கட்டடமும் கொடுக்கின்றன. ஆய்வுச் செவிலியரின் சம்பளத்தை எவரும் கொடுத்து நான் அறியவில்லை. கருவி ஒரே நாளில் கைமாறுகிறது. கேள்விக்கு விடை வர ஆண்டுகள் ஆகும். வரும் விடை "இது பயனில்லை" என்பதாகவும் இருக்கலாம். அந்த விடைக்கும் உயிரின் விலை உண்டு என்பதை ஹீலிக்ஸ் காட்டிவிட்டது.

மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் அபய் பங், ராணி பங் தம்பதியர் செய்ததை நான் கூட்டத்தில் எடுத்துச் சொன்னேன். கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, வீட்டிலேயே பச்சிளங்குழந்தைகளைக் கவனித்து, ஒவ்வொரு பிறப்பையும் இறப்பையும் எழுதிவைத்தார்கள். 39 கிராமங்களில் ஆயிரத்துக்கு 62 ஆக இருந்த பச்சிளங்குழந்தை இறப்பு 25 ஆகக் குறைந்ததை 1999இல் உலகத்துக்குக் காட்டினார்கள். 2011இல் ஆஷா பணியாளர்கள் வழியாக அது நாட்டின் திட்டமானது. ஒழுங்காகப் பராமரித்த ஒரு பதிவேடு இல்லாமல் அந்த 62ஐயும் 25ஐயும் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

வாக்கெடுப்பு வரை போகவில்லை. எங்களில் மூத்தவர், முப்பதாண்டுகள் அரசு மருத்துவமனைகளில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற அக்கா, அதுவரை பேசாமல் இருந்தார். "நான் எத்தனையோ பிள்ளைகளைத் துணியில் சுற்றிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பியிருக்கேன். ஒருத்தராவது நடக்குதா, படிக்குதான்னு எனக்குத் தெரியாது. அதைக் கேட்க ஓர் ஆளை வையுங்க," என்றார். அதற்குப் பின் மறுப்புச் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. ஒரு லட்சம் ரூபாயில், தாய்மார்கள் குழந்தையை நெஞ்சில் வைத்துச் சாய்ந்திருக்க நாற்காலிகள் வாங்குவது. மீதம் எட்டு லட்சத்தை மருத்துவக் கல்லூரியின் வழியாக, நெறிமுறைக் குழுவின் அனுமதி கிடைத்த பிறகு, ஆண்டுக்கு ஒரு தவணையாகக் கொடுப்பது என்று முடிவாயிற்று. தீர்மானப் புத்தகத்தில் நானே எழுதினேன்.

அனுமதி சென்ற வாரம் கிடைத்தது. மருத்துவர் தயாரித்த பதிவுப் படிவத்தை எனக்குக் காட்டினார். குழந்தையின் எண்ணுக்கு அடுத்த கட்டத்திலேயே 'பிறந்தபோது எத்தனை வாரம்' என்று இருந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் சேர்க்க முடியுமா என்று கேட்டேன். அவர் பேனாவை எடுத்து, 'எந்தத் தேதியைக் கொண்டு கணக்கிடப்பட்டது: மாதவிலக்கு, முதல் மூன்று மாத ஸ்கேன், பிந்தைய ஸ்கேன்' என்று எழுதிச் சேர்த்தார்.